பணிப்பெண் வேடமும் பதினேழு அறை வீடும்

சினிமாக் கதாநாயகரையும் கதாநாயகியரையும் அறியாதார் இலர். அவர்தம் பெயர்கள் விளம்பரத் தாள்களிலே கொட்டை எழுத்துகளில் விளங்கும். ஆனால் அவர்கள் உண்ணும்போது பரிமாறியவள் யார், அவர்கள் வண்டியினின்று இறங்கியபோது கதவைத் திறந்துவிட்டவன் யார் என்று வினவினால், படக் கொட்டகையினின்று வெளிவருவோர் நூற்றுவரில் ஒருவருக்கும் விடை சொல்லத் தெரியாது. ஹாலிவுட்டில் இத்தகைய வேடங்களையே ஆயுள் முழுதும் தாங்கி, முகம் தெரிந்தும் பெயர் தெரியாதவராய் மறைந்த குணசித்திர நடிகர்கள் பலர். அவருள் ஒருவராகிய ஹாட்டி மக்டானியல் என்னும் கறுப்பினத்து அம்மையாரின் வரலாற்றை ஈண்டுச் சிறிது விரித்துரைக்க விரும்புகிறோம். அவர் திரையில் ஏற்றது பெரும்பாலும் ஒரே வேடம்; பணிப்பெண் வேடம். அவ்வேடக்காரி என்பதனால் வெள்ளையர் அவரைத் தனி மேசையில் அமர்த்தினர். அதே வேடத்திற்காகச் சொந்த இனத்தாரில் பலர் அவரைக் கடிந்து பேசினர். இருதிறத்தார்க்கும் நடுவே நின்று அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதே நாம் காணப் புகும் பொருள்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் அடிமை முறை 1865-ம் ஆண்டில் சட்டப்படி ஒழிந்தது. ஹாட்டியின் தந்தையும் தாயும் அடிமைகளாய்ப் பிறந்தவர்களே. தந்தை ஹென்றி, அடிமை முறையை ஒழிக்க நேர்ந்த உள்நாட்டுப் போரில் வடவர் படையிற் சேர்ந்து போர் புரிந்தார். போரிற் பட்ட காயத்தோடு வீடு திரும்பினார். எந்த அரசாங்கத்திற்காக உடலை ஈந்தாரோ, அந்த அரசாங்கத்தினிடமே பென்ஷன் பெறுவதற்கு அவர் பல்லாண்டுகள் மன்றாட வேண்டியதாயிற்று. தாய் சூசன் ஆலயங்களிற் பாடும் இசையில் வல்லவர். இவர்களுக்குப் பிறந்த பதின்மூன்று மக்களில் இளையவர் ஹாட்டி. கான்ஸாஸ் மாகாணத்து விச்சிட்டா நகரில் 1893 ஜூன் 10-ல் பிறந்தார் என்று பெரும்பாலோர் கொள்வர். 1895 என்பாரும் உளர். பிள்ளைப் பருவத்திலேயே குடும்பம் கொலராடோ மாகாணத்திற்குக் குடியேறி, டென்வர் நகரில் நிலைத்தது. பள்ளியிற் படிக்கும்போதே, 1910-ம் ஆண்டில், கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கத்தார் நடத்திய போட்டியில் நடிப்புடன் ஒப்பித்துப் பதக்கம் பெற்றார். அதன் பின்னர் பள்ளிக்கூடம் அவரைப் பிடித்து வைக்க இயலவில்லை. தமையன்மார் நடத்திய ஆடல் பாடற் குழுவில் சேர்ந்துவிட்டார்.

அக்காலத்து அமெரிக்க மேடையின் நிலையைச் சிறிது சொல்லாமல் மேற்செல்வதற்கில்லை. வெள்ளையர் தம் முகத்தில் சுட்ட தக்கையின் கரியைப் பூசிக்கொண்டு, கறுப்பரைப்போல நடந்தும் பேசியும் பாடியும் நையாண்டி செய்வது ஒரு பெருந் தொழிலாக இருந்தது. கறுப்பர் மேடையேற விரும்பினால் அவர்களுக்குத் திறந்திருந்த வாயிலும் அதுவே. தம்மை இகழும் கூத்தைத் தாமே ஆடவேண்டும்! எனினும் அவ்வாறு ஆடப் புகுந்த கறுப்புக் கலைஞருட் சிலர், அந்த நையாண்டியின் கூர்முனையை மெல்ல மறுபக்கம் திருப்பிவிட்டனர். ஹாட்டியும் அவர் தமக்கை எட்டாவும் 1914-ல் பெண்களே நடிக்கும் குழு ஒன்றை அமைத்து இவ்வித்தையைப் பழகினர். எஜமானனுக்குப் பணிவதுபோலப் பணிந்து, அவனது அசட்டுத்தனத்தைச் சபையோர்க்குக் காட்டிக் கொடுக்கும் அந்தக் கலையை, இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் அவர் ஹாலிவுட்டிற்கும் கொண்டு சென்றார் என்பது எம் கருத்து.

1920-களில் டென்வர் நகரத்து வாத்தியக் குழுவொன்றோடு ஊர் ஊராய்ப் பாடினார், வானொலியிலும் பாடினார், இசைத் தட்டுகளும் வெளியிட்டார். 1929-ல் பங்குச் சந்தை வீழ்ந்து நாடெங்கும் தொழில் முடங்கியபோது, அவர் பணி செய்த குழுவும் கலைந்தது. மில்வாக்கி நகரில் கையிற் பணமின்றி நின்ற அம்மையாருக்கு, ஓர் உல்லாச விடுதியில் பெண்களின் ஒப்பனை அறையைக் கவனிக்கும் வேலையே கிடைத்தது. பின்னர் அதே விடுதியில் மேடையேறிப் பாட இடம் பெற்றார்.

1931-ம் ஆண்டில், தமையன் சாமும் தமக்கையரும் இருந்த லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடைந்தார். சாம் தயவால் வானொலி நிகழ்ச்சியொன்றில் இடம் கிடைத்தது. அதிலும் அவர் ஏற்றது வாய்த்துடுக்குள்ள ஒரு வேலைக்காரியின் பாத்திரந்தான். அந்த நிகழ்ச்சியின் ஊதியம் வயிற்றுக்குப் போதாமையால், பிறர் வீடுகளிற் சமைத்தும் துவைத்தும் காலங் கழித்தார். பொய் வேலைக்காரியாய் ஒலிவாங்கியின் முன் நின்றவர், மெய் வேலைக்காரியாய்ப் பிறர் அடுப்பங்கரையில் நின்றார். பிற்காலத்தில் யாரேனும், "ஏன் அம்மா எப்போதும் பணிப்பெண்ணாகவே நடிக்கிறீர்?" என்று கேட்டால், வாரம் ஏழு வெள்ளிக்குப் பணிப்பெண்ணாக இருப்பதைவிட எழுநூறு வெள்ளிக்குப் பணிப்பெண்ணாக நடிப்பது மேல் என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு வழங்குகிறது. அது வெறும் சாதுரியப் பேச்சு என்று எண்ணற்க. இருவகைக் கூலியையும் கைநீட்டி வாங்கிய ஒருவருடைய கணக்கு அது.

ஹாலிவுட்டில் குணசித்திர நடிகரின் பிழைப்பு நிலையற்றது. இன்று ஒரு படத்தில் இரண்டு நாள் வேலை. அடுத்த வாரம் வேறொரு கம்பெனியில் அரை நாள். பிறகு அழைப்பு வரும்வரை காத்திருப்பு. ஹாட்டி சுமார் 300 படங்களில் தோன்றினார் என்றும், அவற்றுள் 80-க்குச் சற்று மேற்பட்டவற்றில்தான் அவர் பெயர் திரையிற் காட்டப்பட்டது என்றும் கணக்கிட்டிருக்கின்றனர். 1934-ல் ஜான் போர்டு இயக்கிய 'ஜட்ஜ் பிரீஸ்ட்' படத்தில் வில் ராஜர்ஸோடு சேர்ந்து பாடியபோதுதான் அவர் பெயர் மெல்ல வெளிப்படலாயிற்று. மறு ஆண்டு வெளிவந்த 'ஆலிஸ் ஆடம்ஸ்' படத்தில் ஒரு விருந்துக் காட்சி வருகிறது. சிற்றூர்க் குடும்பமொன்று, தன் சக்திக்கு மீறிய ஆடம்பரம் காட்ட எண்ணி, ஒரு நாள் கூலிக்குப் பணிப்பெண்ணை அமர்த்துகிறது. புழுக்கம் மிகுந்த இரவு. கொதிக்கக் கொதிக்க உணவு வகைகள். தலையிலே நழுவி விழும் வெள்ளைக் குல்லாய். ஹாட்டி விருந்தினரைப் பார்ப்பதில்லை, அவசரப்படுவதுமில்லை. அந்தக் குடும்பத்தாரின் போலிப் பகட்டை அவர் அறிந்துகொண்டார் என்பது அவர் நடையிலேயே தெரிந்துவிடும். வசனம் மிகச் சில. கதாநாயகி காதரின் ஹெப்பர்ன் கண் கலங்கும் அந்த இடத்திலே, நம் கண் ஹாட்டியை விட்டு அகல்வதில்லை.

இனி, அவர் பெயர் உலகெங்கும் பரவக் காரணமான படத்திற்கு வருவோம். மார்கரெட் மிட்செல் என்னும் தென்னாட்டு அம்மையார் 1936-ல் வெளியிட்ட 'கான் வித் தி விண்ட்' என்னும் நாவலை, டேவிட் செல்ஸ்னிக் படமாக்க முற்பட்டார். அடிமைகளை வைத்து வாழ்ந்த பண்ணைப் பிரபுக்களின் காலம் ஏதோ பொற்காலம்போலவும், அடிமைகள் அதில் மகிழ்ந்து கிடந்தாற்போலவும் சித்திரிக்கும் கதை அது. இதைப் பூசி மெழுகுவதில் பயனில்லை. கறுப்பர் சங்கங்களும் பத்திரிகைகளும் படம் தொடங்குமுன்பே கண்டனம் தெரிவித்தன. அதன் பயனாக, கறுப்பரை இழிவு செய்யும் ஒரு சொல்லைச் செல்ஸ்னிக் வசனத்தினின்று நீக்கினார். கதையின் போக்கு நீங்கவில்லை.

அக்கதையில் வரும் செவிலி பாத்திரத்திற்குப் போட்டி பலமாக இருந்தது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மாளிகையில் மெய்யாகவே பணி புரிந்த ஒரு பெண்மணியையும் அழைத்துச் சோதித்துப் பார்த்தனர். ஆனால் பாத்திரம் ஹாட்டிக்கே கிட்டியது. பணிப்பெண்ணாய் இருப்பது வேறு, பணிப்பெண்ணாய் நடிப்பது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அப்படத்தில் ஒரு படிக்கட்டுக் காட்சி உண்டு. வீட்டுக் குழந்தை இறந்துவிட்டது. எஜமானனும் எஜமானியும் ஒருவரையொருவர் பழித்துக்கொண்டு மூலைக்கொருவராய்க் கிடக்கின்றனர். செவிலி, படியேறிக்கொண்டே, அந்த வீட்டின் துயரத்தை மெலானி என்னும் பெண்ணுக்கு அழுதபடி சொல்லி வருகிறாள். நடு நடுவே நிற்பதும், மூச்சு வாங்குவதும், சொல்ல வாயெடுத்துத் தவிப்பதுமாக, நான்கு மணி நேரத்திற்குச் சற்றே குறைந்த அப்படத்தின் துயரமெல்லாம் அந்தச் சில படிகளில் திரண்டு நிற்கிறது. கதை அவளைத் தன்னலமோ தன் குடும்பமோ இல்லாத ஒரு நிழலாகப் படைத்தது. நடிகையோ அவளுக்கு உயிர் கொடுத்துவிட்டார்.

படத்தின் முதற் காட்சி 1939 டிசம்பர் 15-ல் ஜார்ஜியா மாகாணத்து அட்லாண்டா நகரில் பெருவிழாவாக நடைபெற்றது. அம்மாகாணச் சட்டம் வெள்ளையரோடு கறுப்பர் ஒருங்கிருப்பதைத் தடுத்தது. ஆகவே ஹாட்டி அவ்விழாவிற்குச் செல்லவில்லை. அவர் வராவிட்டால் தாமும் போவதில்லை என்று கதாநாயகன் கிளார்க் கேபிள் சினந்ததாகவும், அம்மையாரே அவரைச் சமாதானம் செய்து அனுப்பியதாகவும் கூறுவர். விழா குறைவின்றி நடந்தது.

தென்னாட்டைவிட்டு நீங்கினால் இக்குறை தீர்ந்துவிடும் என்று எண்ணுவார் இருக்கலாம். 1940 பிப்ரவரி 29-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அம்பாசடர் ஹோட்டலில் அகாடமிப் பரிசளிப்பு விருந்து நடைபெற்றது. அந்த ஹோட்டலில் கறுப்பரை அனுமதிப்பது வழக்கமில்லை. செல்ஸ்னிக் தம் செல்வாக்கைப் பயன்படுத்தித் தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. உடன் நடித்தோரெல்லாம் ஒரு பெரிய மேசையைச் சுற்றி அமர்ந்திருக்க, ஹாட்டிக்குச் சுவர் ஓரத்தில் ஒரு சிறு மேசை போடப்பட்டது. துணைப் பாத்திர நடிகைக்குரிய பரிசு அவருக்கே என்று பேய் பெயின்டர் அறிவித்தபோது, அச்சுவர் ஓரத்தினின்று எழுந்து, கூந்தலில் வெண்மலர் சூடியவராய், சபையின் கரகோஷத்தினூடே மேடைக்கு நடந்தார். தம் இனத்திற்கும் சினிமாத் தொழிலுக்கும் பெருமை சேர்ப்பவளாய் என்றும் இருக்க விரும்புவதாகக் கூறிக் கண்ணீர் மல்கினார். அகாடமிப் பரிசு பெற்ற முதற் கறுப்பர் அவரே. துணை நடிகர்க்கு அந்நாளில் சிலை வழங்கும் வழக்கமில்லை. ஒரு பலகைதான் கொடுப்பர். அப்பலகையைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் திரும்பிச் சென்றதும் அந்தச் சுவர் ஓரத்து மேசைக்குத்தான். இன்னொரு கறுப்பினப் பெண் அகாடமி நடிப்புப் பரிசைக் கையில் வாங்குவதற்கு 1991-ம் ஆண்டு வரவேண்டியதாயிற்று; அவர் ஊப்பி கோல்ட்பர்க்.

பரிசு பெற்றபின் பெரிய வேடங்கள் வந்து குவிந்தனவா எனில், இல்லை. வந்தவை மேலும் சில பணிப்பெண் வேடங்களே. இதற்கிடையில், கறுப்பின மக்கள் முன்னேற்றத்திற்கான தேசிய சங்கத்தின் காரியதரிசி வால்டர் ஒயிட், 1942-ல் ஹாலிவுட்டிற்கு வந்து, கறுப்பரை வேலைக்காரராகவும் கோமாளியராகவும் மட்டுமே காட்டுவதைக் கைவிட வேண்டும் என்று கம்பெனி முதலாளிகளிடம் வற்புறுத்தினார். முதலாளிகளும் இசைந்தனர். ஒயிட் கேட்டதில் தவறு சிறிதும் இல்லை. கோடிக்கணக்கான மக்கள் பார்க்கும் திரையில் ஓரினம் முழுவதும் தட்டேந்தியே நின்றால், பார்ப்பவன் வீதியிற் காணும் கறுப்பனிடமும் தட்டைத்தான் தேடுவான். பால் ராப்சன், அதே ஆண்டில், இத்தகைய படங்களில் இனி நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1936-ல் 'ஷோ போட்' படத்தில் ஹாட்டியோடு உடன் நடித்தவர்தான் அவர்.

ஆனால் மற்றொரு பக்கத்தையும் பார்த்தே தீர வேண்டும். ராப்சனுக்கு உலகத்து இசை மேடைகள் எல்லாம் திறந்திருந்தன. ஹாட்டிக்கும் அவரையொத்த பலருக்கும் திறந்திருந்த வாயில் ஒன்றே. அதை அடைத்துவிடுங்கள் என்ற முதல் வார்த்தையை முதலாளிகள் விரைந்து பற்றிக்கொண்டனர். வேறு வாயில்களைத் திறந்துவிடுங்கள் என்ற இரண்டாம் வார்த்தை அவர்கள் செவியில் ஏறவில்லை. வேலைக்காரி வேடங்கள் குறைந்தன. ஆசிரியை வேடமோ வைத்தியர் வேடமோ அவற்றிற்கு ஈடாக வரவில்லை. எங்களைக் கேளாமல் எங்களுக்காகப் பேச இவர் யார் என்று நடிகர் பலர் கொதித்தனர். ஹாட்டியும் மனம் புண்பட்டார். எனினும் அக்காலத்தில் புதிதாய் வந்த லீனா ஹார்ன் என்னும் இளம் பாடகியைச் சிலர் பகைத்தபோது (பணிப்பெண் வேடம் ஏற்கமாட்டேன் என்ற நிபந்தனையோடு எம்.ஜி.எம். கம்பெனியிற் சேர்ந்தவர் அவர்), ஹாட்டி அவரைத் தம் வீட்டிற்கு அழைத்து, உன் வழி வேறு, என் வழி வேறு, அஞ்சாமல் நட என்னும் கருத்துப்பட ஆறுதல் கூறினார். லீனா ஹார்ன் அந்த அன்பைப் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். தன் வாயிலை அடைக்கக் காரணமானவள் என்று பிறர் கருதிய பெண்ணுக்கே வாயிலைத் திறந்துவிட்ட இச்செய்கை, எமக்கு அகாடமிப் பரிசினும் பெரிதாகத் தோன்றுகிறது.

அவ்வாறு அழைத்த வீடு எது என்பதும் அறியத்தக்கது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து மேற்கு ஆடம்ஸ் பகுதியில், 1942-ல் ஹாட்டி வாங்கிய வெள்ளை நிற மாடி வீடு அது. பதினேழு அறைகள் உடையது. திரையிலே பிறர் மாளிகையில் தட்டேந்தி நின்றவர், தம் சொந்த மாளிகையில் விருந்தினரை வரவேற்றார். அப்பகுதி முன்னர் வெள்ளைச் செல்வர் வாழ்ந்த இடம். காலம் மாற, பழைய குடிகள் விற்றுப் போக, செல்வம் ஈட்டிய கறுப்பர் சிலர் அங்கு வீடுகளை வாங்கினர்: நடிகை லூயிஸ் பீவர்ஸ், பாடகி ஈதல் வாட்டர்ஸ், காப்பீட்டுக் கம்பெனி நடத்துவோர், வைத்தியர் முதலானோர். நியூயார்க் ஹார்லெமிலுள்ள கறுப்புச் செல்வர் குடியிருப்பின் பெயரால், மக்கள் அவ்விடத்தைச் 'சுகர் ஹில்' என்றே அழைத்தனர்.

இங்கேதான் வழக்குப் பிறந்தது. அக்காலத்தில் அமெரிக்க நகரங்களில் நிலப் பத்திரங்களிலேயே ஒரு நிபந்தனை எழுதி வைப்பதுண்டு. இந்த நிலத்தை வெள்ளையரல்லாதார்க்கு விற்கக் கூடாது. வெள்ளையரல்லாதார் இதிற் குடியிருக்கக் கூடாது. வேலைக்காரராக இருந்தால் மட்டும் பாதகமில்லை என்பது பெரும்பாலும் அந்நிபந்தனையின் சாரம். நேயர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை சிந்திப்பார்களாக! ஹாட்டி அந்தத் தெருவில் யாரோ ஒருவர் வீட்டுச் சமையற்காரியாய்த் தங்கியிருந்தால் சட்டம் வாய் திறந்திராது. விலை கொடுத்து வாங்கிய தம் வீட்டில் தாம் உறங்குவதே குற்றமாயிற்று. திரையில் அவருக்கு எந்த இடத்தைக் கொடுத்தார்களோ, தெருவிலும் அதே இடத்தைத்தான் பத்திரத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

அண்டை அயலிலிருந்த வெள்ளையர் சிலர், இந்நிபந்தனையைக் காட்டி, சுமார் முப்பது கறுப்புக் குடும்பங்களை வெளியேற்றும்படி வழக்குத் தொடுத்தனர். ஹாட்டி சோர்ந்து அமரவில்லை. அண்டை வீட்டாரைத் தம் வீட்டிற் கூட்டி, தோளோடு தோள் நின்று போராட ஊக்கினார். லாரன் மில்லர் என்னும் கறுப்பின வக்கீல் அவர்களுக்காக வாதாடினார். அவரும் ஓர் அடிமையின் மகனே. எல்லாக் குடிகளுக்கும் சமமான பாதுகாப்பு உண்டென்று கூறும் அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தத்தை ஆதாரமாகக் கொண்டு, தனிப்பட்டவர் எழுதிக்கொண்ட இழிவான உடன்படிக்கைக்கு அரசாங்கத்தின் கோர்ட் துணை போகலாகாது என்பது அவர் வாதம். 1945 டிசம்பரில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, சுகர் ஹில் வாசிகளும் அவர்களின் ஆதரவாளர்களும் தம் சிறந்த ஆடைகளை அணிந்து கோர்ட்டை நிறைத்தனர். நீதிபதி தர்மண்ட் கிளார்க் அப்பகுதியை நேரிற் சென்று பார்த்தார். பின்னர் வழக்கைத் தள்ளுபடி செய்தார். 14-வது திருத்தம் கறுப்பர்க்கு அளித்துள்ள உரிமைகளை ஒளிவு மறைவின்றி அவர்கட்கு வழங்கும் காலம் வந்துவிட்டது என்னும் பொருளில் அவர் தீர்ப்பு அமைந்தது. மூன்று ஆண்டுகளுக்குள், 1948-ல், ஷெல்லி எதிர் கிரேமர் முதலான வழக்குகளில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இத்தகைய நிபந்தனைகளைக் கோர்ட் மூலம் நிறைவேற்ற முடியாது என்று தீர்த்தது. அவற்றுள் ஒன்றில், தர்குட் மார்ஷலோடு நின்று வாதாடியவர் இதே லாரன் மில்லர்தான். வீட்டை வழக்கு அசைக்கவில்லை. ஆனால் 1960-களின் தொடக்கத்தில், அந்தக் குடியிருப்பை ஊடறுத்து அரசாங்கம் ஒரு பெருஞ்சாலையை இட்டது. அதனைத் தடுக்க அப்போது அம்மையார் உயிரோடில்லை.

இறுதி ஆண்டுகளில் வானொலி மறுபடி அவரை அழைத்தது. 'பியூலா' என்னும் கறுப்பினப் பணிப்பெண்ணின் பெயரால் ஒரு தொடர் நிகழ்ச்சி நடந்து வந்தது. அதில் அந்தப் பெண்ணின் குரலைக் கொடுத்து வந்தவர்கள் வெள்ளை ஆடவர்! 1947-ல் அவ்விடத்தை ஹாட்டி ஏற்றார். வானொலித் தொடர் ஒன்றில் தலைமைப் பாத்திரம் ஏற்ற முதற் கறுப்பினப் பெண் ஆனார். கொச்சை மொழியிற் பேசமாட்டேன் என்று அவர் முன்னரே நிபந்தனை விதித்தார். வாரத்திற்கு ஆயிரம் அமெரிக்க வெள்ளி ஊதியம் பெற்றார். தொலைக்காட்சிக்கும் அத்தொடர் சென்றபோது, சில பகுதிகளில் மட்டும் நடித்து நோயிற் படுத்தார். மார்பகப் புற்றுநோய் அவரை 1952 அக்டோபர் 26-ல் கொண்டு சென்றது.

தம்மை ஹாலிவுட் இடுகாட்டில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவருடைய கடைசி விருப்பம். அங்கே வெள்ளையர்க்கு மட்டுமே இடம் உண்டென்று மறுத்துவிட்டனர். எல்லா இனத்தாரையும் ஏற்கும் ரோஸ்டேல் இடுகாட்டில் அவர் உடல் அடங்கிற்று. 1999-ல் ஹாலிவுட் இடுகாட்டின் புதிய உரிமையாளர் தம் முன்னோர் செய்த பிழைக்கு ஈடாக அங்கே ஒரு நினைவுக் கல் நாட்டினார். 2006-ல் அமெரிக்கத் தபால் இலாகா அவர் உருவம் பொறித்த முத்திரைத் தலையை வெளியிட்டது.

அந்தப் பரிசுப் பலகை என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்கக்கூடும். வாஷிங்டன் நகரிலுள்ள ஹவார்டு பல்கலைக்கழகத்திற்கு அதனை அளிக்குமாறு அம்மையார் மரண சாசனத்தில் எழுதியிருந்தார். இறக்கும்போது அவர் சொத்தைக் கடன் விஞ்சி நின்றது. எனினும் பலகை அப்பல்கலைக்கழகத்தை அடைந்து, அங்கே ஒரு கண்ணாடிப் பேழையில் சில காலம் இருந்தது. பின்னர் அது காணாமற் போயிற்று. 2023 அக்டோபர் 1-ல், அகாடமியார் புதிதாய் ஒரு பலகை செய்து, ஹவார்டு பல்கலைக்கழகத்தில், ஐரா ஆல்ட்ரிட்ஜ் என்னும் பழைய கறுப்பின நடிகரின் பெயர் தாங்கிய நாடக அரங்கில் ஒப்படைத்தனர். சுவர் ஓரத்து மேசைக்கு அவர் ஏந்திச் சென்ற முதற் பலகை கிடைக்கவில்லை.